காஸ் பூவெளிக்கு சைக்கிளில் ஒரு நாள்: வாசகர் கேள்வி – பதில்

மகாராஷ்டிரத்தில் சாத்தாரா நகருக்கு மேற்கே 25 கி.மீ. தொலைவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காஸ் பீடபூமி. யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களில் இதுவும் ஒன்று. கருங்கல்லின் மேல் செம்பாறை, அதன் மேல் விரற்கடை அளவு மண். மழை நின்று வெயில் எட்டிப்பார்க்கும் சில வாரங்களில் அந்த மண் முழுக்கப் பூவாகிவிடும். சாத்தாராவிலிருந்து சைக்கிளில் ஏறி, காஸைப் பார்த்துவிட்டு, மேற்கே கோய்னா அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிய பாம்னோலிக்கு இறங்கி, வந்த வழியே திரும்பினால் சுமார் 75 கி.மீ. இந்தப் பாதையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

சாளுக்யா எக்ஸ்பிரஸில் போனால் சாத்தாராவிலேயே இறங்கலாம் என்கிறார்கள். சைக்கிளை பார்சலில் போட்டுவிடலாமா?
– வாசகர், சேலம்

திருநெல்வேலி – தாதர் வண்டி சேலம், ஹுப்பள்ளி, மிரஜ் வழியாகத்தான் புனே போகிறது. சாத்தாரா அந்த வழியில்தான் வருகிறது. தினசரி வண்டி இல்லை என்பதால் கிழமையைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

ஆனால் சைக்கிளை சாத்தாராவுக்கு பார்சல் போடாதீர்கள். சில நிமிடம் மட்டும் நிற்கிற நிலையங்களில் பிரேக் வேனைத் திறந்து இறக்க நேரம் போதாமல் போவதுண்டு. நீங்கள் பிளாட்பாரத்தில் நிற்பீர்கள், சைக்கிள் புனே போய்ச் சேர்ந்திருக்கும். பார்சல்தான் வேண்டும் என்றால் புனே வரைக்கும் போட்டு, அங்கே எடுத்துக்கொண்டு வேறு ரயிலிலோ வண்டியிலோ சாத்தாராவுக்குத் திரும்புங்கள். அதைவிடச் சுலபம், கழற்றிப் பையில் போட்டு உங்களோடு பெட்டிக்குள் கொண்டுபோவது.

கழற்றுவதில் நாலு விஷயம் முக்கியம். பெடலுக்கு 15 மி.மீ. ஸ்பேனர் வேண்டும். இடது பெடலின் மரை தலைகீழ் என்பதால் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இரண்டு சக்கரத்தையும் எடுத்த பிறகு முன் ஃபோர்க்கின் இரு காலுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையோ பிளாஸ்டிக் துண்டோ செருகிக் கட்டுங்கள். மேலே யாராவது பெட்டியை வைத்தால் ஃபோர்க் நசுங்காமல் இருக்கும். பின் டெரெய்லரை, அதாவது செயினை நகர்த்தி கியர் மாற்றும் கருவியை, 5 மி.மீ. ஆலன் கீயால் கழற்றி, துணியில் சுற்றி, சட்டத்துக்கு உள்பக்கமாகக் கட்டிவிடுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்காக இருந்தால் இரண்டு பேடுக்கும் நடுவில் மடித்த அட்டையை வையுங்கள். சக்கரம் இல்லாத நேரத்தில் யாராவது லீவரை அமுக்கிவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் டிஸ்க்கை உள்ளே நுழைக்கப் படாத பாடு படவேண்டும்.

முந்தின நாள் மாலையே பாகங்களைத் திரும்பப் பூட்டி, சாத்தாரா தெருக்களில் 5 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். ரயிலில் அடிக்கடி அடிபடுவது டெரெய்லரைத் தாங்கும் சின்ன அலுமினியக் கொக்கி. பார்வைக்கு நேராகத்தான் தெரியும். ஆனால் மலையில் கடைசி கியருக்கு மாற்றும்போது டெரெய்லர் சக்கரக் கம்பிக்குள் போய் மாட்டும். அதோடு அன்றைய பயணம் முடிந்தது. உங்கள் மாடலுக்கான மாற்றுக் கொக்கி ஒன்று பையில் இருக்கட்டும். அது கடைக்குக் கடை கிடைக்கிற சாமான் இல்லை.

எந்த வாரத்தில் போனால் பூ நிச்சயம்?
– வாசகி, கோவை

‘நிச்சயம்’ என்று எந்த வாரத்தையும் சொல்ல முடியாது. மழை முன்னே பின்னே போனால் பூவும் அப்படியே. பொதுவாக ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை. அதற்குள்ளும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் வெள்ளை தூக்கலாக இருக்கும்: பொத்தான் பொத்தானாக நிற்கும் ‘கெந்த்’, தரையில் முளைக்கும் ஆர்க்கிட் வகைகள். செப்டம்பர் நடுவில் இளஞ்சிவப்பும் ஊதாவும் மேலோங்கும். இளஞ்சிவப்பு, நம் காசித்தும்பை இனத்தைச் சேர்ந்த ‘தேர்டா’. ஊதா, ‘சீதையின் கண்ணீர்’ என்று அங்கே அழைக்கப்படும் யூட்ரிகுலேரியா. மாதக் கடைசியில் ‘சோன்கி’ மஞ்சள் பரவும். சைக்கிள்காரருக்கு எங்கள் பரிந்துரை செப்டம்பர் 15க்கும் 30க்கும் நடுவில் ஒரு செவ்வாய் அல்லது புதன். மழை வலு குறைந்திருக்கும், சாலையில் கூட்டமும் இருக்காது. சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். அந்தக் குறுகிய மலைச்சாலையில் கார்கள் வரிசை கட்டி நிற்கும்போது ஏற்றத்தில் கால் ஊன்றி ஊன்றிப் போவது பெரும் கொடுமை.

ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பும் நுழைவுக் கட்டணமும் உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள். சைக்கிளில் வந்தாலும் சீட்டு வேண்டும்.

சமதளத்தில் 100 கி.மீ. தூரத்தை நாலு மணி நேரத்தில் ஓட்டுகிறேன். 75 கி.மீ. தூரத்துக்கு ஒரு முழு நாளா?
– வாசகர், ஈரோடு

உங்கள் கால் வலுவில் சந்தேகமில்லை. கணக்கில்தான் பிசகு. சாத்தாரா சுமார் 740 மீட்டர் உயரம். ஊர் எல்லை தாண்டியதும் யவதேஸ்வர் மலைப்பாதை ஏறத் தொடங்கிவிடும், அது முடிந்ததும் மேட்டுநிலத்தில் ஏறியும் இறங்கியுமே காஸ் வரும். அங்கிருந்து பாம்னோலிக்கு இறங்கினால் கோய்னா நீர்மட்டம் 660 மீட்டர்தான். இறங்கிய 500 சொச்சம் மீட்டரையும் திரும்ப ஏறித்தான் ஆகவேண்டும். எல்லாம் சேர்த்து அன்றைக்கு ஏறுவது ஏறத்தாழ 1,200 மீட்டர்.

சராசரி உடல்வலு உள்ள ஒருவர் மணிக்கு 400 முதல் 500 மீட்டர் உயரம் ஏறுவார். அப்படிப் பார்த்தால் ஏற்றத்துக்கே கிட்டத்தட்ட மூன்று மணி, இறக்கத்தையும் மேட்டுநிலத்தையும் சேர்த்தால் ஓட்டும் நேரமே ஆறு மணி. ஆனால் இந்தப் பயணத்தில் நிற்கும் நேரத்துக்குத்தான் மதிப்பு. பூவுக்கு இரண்டரை மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி. இதை முதலிலேயே ஒதுக்கி வைக்காதவர்கள் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: காஸில் பத்து நிமிடம் நின்று நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு, பாம்னோலிக்கு விரட்டிக்கொண்டு ஓடுவது. அதற்கு சேலம் – ஈரோடு நெடுஞ்சாலையே போதுமே!

எங்கள் கணக்கு இது. செப்டம்பர் நடுவில் அங்கே சூரிய உதயம் சுமார் 6:20, அஸ்தமனம் 6:35. காலை 5:45க்கு விளக்குடன் கிளம்பினால் மலைப்பாதையின் முதல் வளைவுகளில் வெளிச்சம் வந்துவிடும். எட்டு மணிக்குள் காஸ். பத்தரை வரை பூ. பதினொன்றேகாலுக்கு பாம்னோலி, சாப்பாடு. பன்னிரண்டேகாலுக்கு ஏறத் தொடங்கினால் இரண்டு மணிக்குத் திரும்பவும் மேட்டில் இருப்பீர்கள். மூன்றரைக்கு சாத்தாரா. இருட்டுவதற்கு மூன்று மணி நேரம் மிச்சம். அது பஞ்சருக்கும், பிற்பகல் மழைக்கும். மிச்ச நேரம் இருக்கிறதே என்று காலையில் தாமதமாகக் கிளம்பாதீர்கள்.

காற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பருவக்காற்று மேற்கிலிருந்து வீசும். போகும்போது முகத்தில், வரும்போது முதுகில். காலையில் மேட்டுநிலத்தில் வேகம் குறைவது கண்டு பதறி மிதித்தால், பாம்னோலி ஏற்றத்துக்கு கால் இருக்காது. முதல் ஒரு மணி நேரம், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம் போதும்.

பயிற்சிக்கு ஈரோட்டிலிருந்து ஏற்காடு தூரமில்லை. சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினால் ஒரே மூச்சில் 1,000 மீட்டருக்கு மேல். அதை மூச்சு திணறாமல் ஏறி, இறங்கி, மறுநாள் வேலைக்குப் போக முடிகிறது என்றால் நீங்கள் தயார்.

என்னிடம் இருப்பது கியர் இல்லாத சாதா சைக்கிள். முடியுமா? கியர் என்றால் எத்தனை வேண்டும்?
– வாசகர், சென்னை

எத்தனை கியர் என்பது கேள்வியே இல்லை. கடைசி கியர் எவ்வளவு இலகு என்பதுதான் கேள்வி. முன்னால் 34 பல், பின்னால் 32 பல், 28 மி.மீ. டயர் என்று வையுங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 2.27 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 8 கி.மீ. ஆளும் வண்டியும் சேர்த்து 85 கிலோ என்றால் 7 சதவீத ஏற்றத்தில் இதற்கு 145 வாட் வலு போதும். தொடர்ந்து பயிற்சி செய்கிறவர் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பார். பின்னால் 28 பல் மட்டும் இருந்தால் அதே மிதிக்கு 165 வாட். இந்த இருபது வாட் வித்தியாசம்தான் மதியம் முழங்காலில் வந்து நிற்கும். ரோடு பைக்குக்கும் மலை பைக்குக்கும் நடுவிலான ஹைப்ரிட் வண்டியில் முன்னால் 28, பின்னால் 34 இருந்தால் இன்னும் சுகம். மணிக்கு 6½ கி.மீ. வேகத்தில் ஊர்ந்தாலும் கால் சுழன்றுகொண்டே இருக்கும்.

சாதா சைக்கிளில் முன்னால் 44, பின்னால் 18 பல். ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்கு மேல். அதே ஏற்றத்தில் நிமிடத்துக்கு 50 சுற்று மிதிக்க 300 வாட்டுக்குக் குறையாமல் வேண்டும். இறங்கித் தள்ளத்தான் வேண்டிவரும். வாடகைக்கு கியர் வண்டி எடுங்கள். அல்லது காஸ் வரை மட்டும் போய்த் திரும்புங்கள். தள்ளிக்கொண்டு நடப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. பார்க்கப்போனால் பாறையிடுக்கில் இருக்கும் சின்னப் பூக்கள் கண்ணில் படுவது அப்போதுதான்.

60 கி.மீ. தாண்டினால் முன் முழங்கால் வலிக்கிறது, உட்காரும் இடம் புண்ணாகிறது. நல்ல ஜெல் சீட் எது?
– வாசகி, மதுரை

இரண்டுக்கும் சீட்டை மாற்றுவது மருந்தல்ல. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது. பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது. குதிகாலை பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் முழுசாக நீள வேண்டும். அதுதான் தொடக்க அளவு. பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்கும். ஒரு தடவைக்கு 3 முதல் 5 மி.மீ. மட்டுமே ஏற்றுங்கள், இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மாற்றம். பயணத்துக்கு முந்தின நாள் மாற்றவே கூடாது.

ஜெல் மெத்தை அதிகமாக இருந்தால் அரை மணி நேரம் சுகம், அப்புறம் எலும்பு அமுங்கி, பக்கவாட்டுச் சதை நெருக்கப்படும். கொஞ்சம் கெட்டியான, உங்கள் இடுப்பெலும்பு அகலத்துக்குப் பொருந்தும் சீட்தான் தூரப் பயணத்துக்கு ஏற்றது. சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருந்தால் அரை சென்டிமீட்டர் இறக்குங்கள். பல பெண்களுக்கு இது ஒன்றிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. மெத்தை வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்கு உள்ளே உள்ளாடை போடக்கூடாது. தையல் ஓரம்தான் தோலை அறுக்கிறது. உரசும் இடத்தில் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். மழையில் நனைந்த ஷார்ட்ஸோடு ஆறு மணி நேரம் ஓட்டினால் எந்த சீட்டும் காப்பாற்றாது. மாற்று ஷார்ட்ஸ் ஒன்றை பாலிதீன் பையில் சுருட்டி எடுத்துப்போய் பாம்னோலியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கழிவறைக்கு காஸ் நுழைவாயில் பகுதியையும் பாம்னோலி ஓட்டல்களையும் நம்பலாம். அதைச் சாக்காக வைத்துத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். அடுத்த பதிலைப் பாருங்கள்.

குளிர்ச்சியான இடம்தானே, எவ்வளவு தண்ணீர் வேண்டும்? என்ன சாப்பிடலாம்?
– வாசகர், திருச்சி

ஏமாறுவது இங்கேதான். மூடுபனியில் வியர்வை ஆவியாகாது, உடம்பில் வழிந்துகொண்டிருக்கும். மழை ஈரமா வியர்வையா என்றே தெரியாது. தாகமும் எடுக்காது. ஏற்றத்தில் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள், வெயில் அடித்தால் 700 மி.லி. வரை. இரண்டு பாட்டிலில் ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ‘ஒரு லிட்டருக்கு’ என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். 750 மி.லி. பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டி, குமட்டி, அதற்கப்புறம் தண்ணீரே வேண்டாம் என்று ஓட்டுகிறவர்கள் உண்டு. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் தப்பு. ரத்தத்தில் உப்பு நீர்த்து, தலைவலியும் குமட்டலும் வரும்.

சாப்பாட்டில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து கணக்கு. பெரிய வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம். ஏலக்கி என்றால் அதில் பாதிதான். 25 கிராம் கடலை மிட்டாய் ஒன்றில் பன்னிரண்டு பதினான்கு கிராம் தேறும். பசித்த பிறகு சாப்பிட்டால் வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போக அரை மணி ஆகும். அதனால் கடிகாரத்தைப் பார்த்து, முக்கால் மணிக்கு ஒரு தடவை. சாத்தாராவில் கிடைக்கும் ‘கந்தி பேடா’ பால்கோவாவின் உறவு. நாலு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் பாம்னோலி ஏற்றத்தின் நடுவில் கைகொடுக்கும். காலையில் அவல் உப்புமா மாதிரியான போஹா சாப்பிடுங்கள். முளைகட்டிய பயறுக் குழம்பும் பன்னுமான மிசள் பாவ் ஊர் முழுக்க மணக்கும். சாலையில் அதன் காரம் நெஞ்சுக்கு வரும், அதைத் திரும்பி வந்து சாப்பிடலாம்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன அனுபவம் நண்பருக்கு உண்டு. மழைச் சாலையில் என்ன முன்னெச்சரிக்கை?
– வாசகர், நாகர்கோவில்

85 கிலோ எடை 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் மீதி உங்கள் பிரேக் கட்டையிலும் ரிம்மிலும்தான் இறங்குகிறது. தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் சூடு வெளியேற நேரமே கிடைக்காது. நேர்ச்சாலையில் விட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். வளைவின் நடுவில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள்.

ரிம் பிரேக் வண்டியில் நனைந்த ரிம்முக்கு முதல் ஒன்றிரண்டு சுற்று பிடிப்பே இருக்காது. அது தண்ணீரைத் துடைக்க மட்டுமே. அதனால் வழக்கத்தைவிட இருபது முப்பது மீட்டர் முன்னதாகவே லேசாகத் தொட்டுத் துடைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சாலையின் செம்பாறைப் பொடி பிரேக் கட்டையில் பதிந்து ரிம்மை அறுக்கும். காஸில் நிற்கும்போது அந்தத் துகள்களை சேஃப்டி பின் கொண்டு குத்தி எடுத்துவிடுங்கள். டிஸ்க் பிரேக்காக இருந்தால், மண் கலந்த ஈரத்தில் ஆர்கானிக் பேடு ஒரே நாளில் பாதி தேய்ந்துவிடும். கிளம்பும் முன்பே உலோகக் கலவை பேடு போடுங்கள். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றித்தான் ஆகவேண்டும்.

டயரில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் உலர் சாலைக்கு முன்னால் 80, பின்னால் 85 பி.எஸ்.ஐ. என்றால், ஈரத்தில் ஐந்தைந்து குறைவு. 35 மி.மீ. டயருக்கு 50, 55 போதும். பாசி படிந்த சாலை ஓரமும், வெள்ளைக் கோடும், ஊர் முகப்பில் சாணமும் வழுக்கும்.

ஏறிய வியர்வையோடு இறங்கினால் விரல் விறைத்து லீவரைப் பிடிக்க முடியாமல் போகும். நண்பருக்கு நடந்தது இதுவாகவும் இருக்கலாம். இறங்கும் முன் காற்று புகாத ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் செய்தித்தாளை மடித்து மார்புக்கும் சட்டைக்கும் நடுவில் செருகுங்கள். தினசரியின் விலைக்கு அதைவிட நல்ல உபயோகம் இல்லை.

பஞ்சர் போட வழியில் கடை உண்டா?
– வாசகர், வேலூர்

சாத்தாராவுக்கு அப்புறம் கடையை நம்பாதீர்கள், செல்போன் சிக்னலையும்தான். இரண்டு மாற்று டியூப், மூன்று டயர் லீவர், கைப்பம்ப். ஒல்லி வாய் கொண்ட பிரெஸ்டா வால்வாக இருந்தால், கடைப் பம்புக்குப் பொருந்தும் பித்தளை அடாப்டர் ஒன்று. இருபது ரூபாய் சாமான், இல்லாவிட்டால் பம்ப் இருக்கிற கடையில் நின்றும் பயனில்லை.

மழையில் பஞ்சர் அதிகம் ஆவதற்குக் காரணம், நனைந்த ரப்பரை கண்ணாடித் துண்டும் முள்ளும் சுலபமாகக் கிழிப்பது. புது டியூப் போடுவதற்கு முன் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெல்லத் தடவுங்கள். முள் அங்கேயே இருக்கும், எடுக்காவிட்டால் பத்து நிமிடத்தில் அடுத்த பஞ்சர். ஈரத்தில் ஒட்டு நிற்காது, எனவே வழியில் டியூப்பை மாற்றுங்கள், ஒட்டுவதை அறைக்கு வந்து செய்யலாம். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஐந்து நிமிடம் காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஈரப் பளபளப்பு போகும் முன் ஒட்டினால் உரிந்து வரும்.

நம் குறிஞ்சி போல அங்கும் பல ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடி உண்டாமே?
– வாசகி, கொடைக்கானல்

உண்டு. நீலக்குறிஞ்சியின் பேரினமான ஸ்ட்ரோபிலாந்தஸைச் சேர்ந்ததுதான், ‘டோப்லி கார்வி’ என்பார்கள். கூடையைக் கவிழ்த்தது மாதிரி உருண்டையாகப் படர்ந்து, 7–8 ஆண்டுக்கு ஒருமுறை நீல ஊதாவில் பூக்கும். நம் நீலக்குறிஞ்சிக்கு 12 ஆண்டு: 2006, 2018, அடுத்தது 2030. இரண்டிலும் கூட்டமாகப் பூத்து, விதைத்து, செடி மடிந்துவிடும்.

உங்களுக்குத் தெரிந்த இன்னொரு முகமும் அங்கே உண்டு. மலைப்பாதையின் புதர்களில் ஏறிப் படர்ந்திருக்கும் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ சாத்தாரா மலையில் நெருப்பாக நிற்பதைப் பார்க்க, ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது வலப்பக்கச் சரிவையும் இடப்பக்கச் சரிவையும் கவனியுங்கள். பறிக்க வேண்டாம், கிழங்கு முதல் இலை வரை நஞ்சு.

சைக்கிளைப் பூக்களுக்கு நடுவே நிறுத்திப் படம் எடுக்க அனுமதி உண்டா?
– வாசகர், புதுச்சேரி

எடுக்கவே கூடாது. அந்தப் பாறையின் மேல் இருக்கும் மண் சில சென்டிமீட்டர்தான். அங்கே இருப்பதில் பெரும்பகுதி ஓராண்டுச் செடிகள். விதை கொட்டுவதற்கு முன் டயரோ செருப்போ நசுக்கினால் அந்த இடத்தில் அடுத்த ஆண்டு முளைக்க விதை இருக்காது. சைக்கிளை நுழைவாயிலில் பூட்டிவிட்டு நடைபாதையில் மட்டும் நடங்கள். சைக்கிளோடு படம் வேண்டுமென்றால் தார்ச்சாலை ஓரத்தில் நின்று எடுங்கள், பின்னணியில் பூவெளி தானே வரும்.

குனிந்து பார்க்க ஒன்று சொல்கிறோம். பாறை மேல் ஈரம் தேங்கும் இடங்களில், கட்டைவிரல் உயரத்துக்குச் செந்நிற இலைகளோடு ட்ரோசெரா இருக்கும். இலை முழுக்க மெல்லிய மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பசைத்துளி. காலையில் பனித்துளி என்று நினைப்பீர்கள். பத்து மணி வெயிலிலும் காயாமல் நிற்பதைக் கண்டால்தான் பசை என்று தெரியும். சின்னக் கொசு ஒன்று ஒட்டிக்கொண்டால் மயிர்கள் அதை நோக்கி மெல்ல வளையும். மழை சத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போன மண்ணில் நைட்ரஜனுக்குச் செடி கண்டுபிடித்த வழி இது. பக்கத்திலேயே நிற்கும் ஊதா யூட்ரிகுலேரியாவும் அதே தொழில்தான், ஆனால் அதன் பொறிகள் மண்ணுக்குள் குண்டூசித் தலை அளவுப் பைகள். கண்ணுக்குத் தெரியாது. மஞ்சளில் இரண்டு சிவப்புப் புள்ளியோடு இருப்பது ஸ்மித்தியா, உள்ளூரில் ‘மிக்கி மவுஸ்’ என்றாலே காட்டிவிடுவார்கள்.

200 கி.மீ. ப்ரெவேயில் கலந்துகொள்கிறேன். புனேவிலிருந்தே காஸுக்குப் போய் அதையே பயிற்சியாக ஆக்கலாமா?
– வாசகர், திருப்பூர்

ப்ரெவே என்பது குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம். அதில் 200 கி.மீ. தூரத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. நின்ற நேரமும் இதில் அடக்கம். ஓடும் வேகம் மணிக்கு 20 கி.மீ. என்றால் 200க்கு 10 மணி போய்விடும், மிச்சம் மூன்றரை மணியில் சாப்பாடு, பஞ்சர், ஓய்வு எல்லாம். அதில் பூவுக்கு என்ன எஞ்சும்? தவிர, புனே – சாத்தாரா 110 கி.மீ. லாரிகள் ஓயாத நெடுஞ்சாலை, கம்பாட்கி மலைப்பாதை வேறு. பயிற்சி என்றால் தாராளமாக உங்கள் பக்கத்துச் சாலைகளில் செய்யுங்கள். இரண்டையும் ஒரே நாளில் போட்டுக் குழப்ப வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

என் மகனுக்கு 12 வயது, தினமும் 10 கி.மீ. ஓட்டுவான். கூட்டிப்போகலாமா?
– வாசகர், கரூர்

ஜீப்பில் சைக்கிளை ஏற்றி காஸ் வரை போய், அங்கே மேட்டுநிலத்தில் 10 கி.மீ. ஓட்டட்டும். இறக்கத்தில் சின்னக் கைக்கு பிரேக் லீவர் எட்டாமல் போவதுதான் ஆபத்து. லீவரில் உள்ள சிறு திருகை உள்ளே திருகினால் நெருங்கி வரும், அதைச் செய்துவிட்டே வண்டியைக் கொடுங்கள்.

திரும்பி வந்ததும் வண்டியில் என்ன செய்ய வேண்டும்? அன்று இரவே ரயில்.
– வாசகர், தஞ்சாவூர்

அதே ஈரத்தோடு பையில் கட்டினால் வீடு சேர்வதற்குள் செயின் துருப்பிடித்துவிடும். வாளித் தண்ணீரை மேலிருந்து ஊற்றி மண்ணைக் கழுவுங்கள். அழுத்தக் குழாயை அச்சுகளின் மேல் பீச்சாதீர்கள், பேரிங்கின் கிரீஸ் வெளியேறிவிடும். பழைய பனியனால் செயினைச் சுற்றிப் பிடித்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றித் துடைத்து, கணுவுக்கு ஒரு சொட்டு எண்ணெய், ஐந்து நிமிடம் கழித்து மேலே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க் கையோடு டிஸ்க்கைத் தொடாதீர்கள். சீட் கம்பத்தை உருவி, சட்டத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தால் உள்ளே புகுந்த மழைநீர் வடியும். எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

ஊர் வந்த பிறகு அடிக்கோல் வைத்து செயினை அளந்துவிடுங்கள். 12 முழு இணைப்பு (ஒரு உள் கணுவும் ஒரு வெளிக் கணுவும் சேர்ந்தது ஓர் இணைப்பு) சரியாக 304.8 மி.மீ. இருக்க வேண்டும். 306½ தொட்டிருந்தால் புதுச் செயின் வாங்கும் நேரம். 308 என்றால் பின்சக்கரப் பற்களும் சேர்ந்தே தேய்ந்திருக்கும், செயினை மட்டும் மாற்றினால் ஏற்றத்தில் தாவும்.